இருபத்தேழாம் புள்ளி

கீழே பரோட்டாக் கடை. மேலே நாங்கள்.
பழங்காநத்தத்தில் இரண்டு கணினி, ஒரு வரைபலகை,
திறந்தால் மூடாத ஒரு ஜன்னல்.
ஆறு மணிக்குச் சால்னா கொதிக்கும்.
ஆறே காலுக்கு ஒச்சப்பன் தலையைத் தூக்கி
"வந்துருச்சு" என்பான்.

அதைத்தான் கேட்டிருந்தார்கள், ஏழாம் வகுப்புக்கு:
மணம் எப்படிப் பரவுகிறது?
மூன்று நிமிடம். எழுத்து அதிகம் வேண்டாம்.
கொஞ்சம் சிரிப்பு இருக்கலாம்.

முதல் வாரம் நாற்பது துகள் வரைந்தேன்.
ஆளுக்கு இரண்டு கண், ஒரு வாய்,
சிலதுக்கு மீசை.
சட்டியிலிருந்து துள்ளிக் குதித்து
வரிசை பிசகாமல் படியேறி
பையனின் மூக்குக்குள் போய் உட்கார்ந்தன,
திருமங்கலம் பஸ்ஸில் துண்டு போட்டு
இடம் பிடித்தவர்கள் மாதிரி.

ஜெயரத்தினம் மேடம், வேதியியல் ஆலோசகர்,
இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.
"இதுகளுக்கு யாருப்பா வழி சொன்னது?"
பேனா மூடியால் திரையைத் தட்டினார்.
"அதுக்கு மூக்கையும் தெரியாது, பையனையும் தெரியாது.
முட்டும். திரும்பும். மறுபடி முட்டும்.
முட்டுனதுகூட அதுக்குத் தெரியாது."

கண்ணை அழித்தேன். வாயை அழித்தேன்.
மீசையைக் கடைசியாக.

"அந்த விசிறியையும் நிறுத்துங்க,
காத்து தள்ளினா அது வேற பாடம்."
நிறுத்தினோம்.
மதுரைச் சித்திரையில் விசிறியில்லாமல்
வீட்டுப்பாடம் எழுதுகிற பையனுக்கு
யாரும் சொல்லாமலே வியர்வை வரைந்தான் ஒச்சப்பன்.
"காத்து அசையலேன்னா மாடிக்கு வர மணிக்கணக்காகும்"
செருப்பை மாட்டிக்கொண்டே மேடம் சொல்லிப் போக,
திரையின் மூலையில் ஒரு கடிகாரம் மாட்டி
முள்ளை விரட்டினோம்.

அப்புறம்தான் வேலை.
பதினைந்து வருடமாகக் கை பழகியதெல்லாம்
பந்துக்கு ஆசை வைக்க,
பூனைக்குச் சந்தேகம் வைக்க,
விழப்போகும் சொட்டுக்கும் ஒரு நொடி தயக்கம் வைக்க.
ஒன்றும் வேண்டாத ஒன்றை
எப்படி அசைப்பது?
அசந்தால் கோடு மூக்குப் பக்கம் வளைந்துவிடும்.
கணினியிடம் விட்டால் கொசுவாக நடுங்கியது.
ஃபரீதா ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு
கண்ணை மூடித் திசை சொன்னாள், ஒன்று முதல் எட்டுவரை.
அவளுக்கு ஐந்து பிடிக்கும் என்பது
அரை மணியில் தெரிந்துபோயிற்று.

கடைசியில் ஒச்சப்பன் பையைக் கவிழ்த்தான்.
மடங்கிய, நைந்த, டவுன் பஸ் டிக்கெட்டுகள்.
குலுக்கி ஒன்றை எடு, கடைசி எண்ணைப் பார்.
ஒன்பதும் பூஜ்யமும் வந்தால் திருப்பிப் போடு.
முட்டுகிற ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு டிக்கெட்.
ஒன்பது இரவு.
உசிலம்பட்டிக்குப் போன எண்
ஒரு துகளைக் கூரைக்கு அனுப்பியது.

வில்லாபுரம் மாநகராட்சிப் பள்ளியில் போட்டுக் காட்டினோம்.
ஒன்பது துகள் மூக்கைத் தொட்டது, கைதட்டினார்கள்.
விளக்குப் போட்டதும் கடைசி பெஞ்சில் ஒருத்தி:
"வராத மத்ததெல்லாம் எங்க சார் போச்சு?"

சட்டத்தின் ஓரம் வந்ததும்
அழித்துக்கொண்டே வந்திருந்தோம், முப்பதை.

திரும்பி வந்து பதினோரு நொடி சேர்த்தோம்.
பார்வை பின்வாங்குகிறது. கடையின் தார்ப்பாய்,
கதவு திறந்த ஷேர் ஆட்டோ, பைபாஸ் ரோடு,
கிருதுமால் கால்வாயின் கறுப்புத் தண்ணீர்மேல்
ஒன்று, ரொம்பத் தள்ளி இன்னொன்று.
மூன்று நிமிடத்துக்கு மேல் காசு கிடையாது என்றார்கள்.
சரி என்றோம்.

ஒன்பதும் முப்பதும் முப்பத்தொன்பது.
மிச்சம் ஒன்று, இருபத்தேழாம் எண்.
கூரையில் முட்டி, பல்லியை உரசி,
படிக்கட்டில் வெகுநேரம் தடுமாறி
டிக்கெட் சொன்னபடியே இறங்கி
கொதிக்கிற சட்டிக்குள்ளேயே போய் விழுந்தது.
"மாத்திரலாமா?" என்றாள் ஃபரீதா.
மேடத்துக்குப் போன் போட்டோம்.
"அதுவும் நடக்கும்" என்றார்.

இரண்டாம் நிமிடம், நாற்பத்தோராம் நொடி, இடது ஓரம்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.
படத்தை நிறுத்தி, கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தால்
அதற்கு மட்டும் மீசை தெரியும்.